மணிக்கூண்டு சாயவில்லை

அப்பா தோளில் துண்டோடு குளியலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கதவில் ஓர் அட்டை தொங்கியது. "உள்ளே இருட்டு வேலை நடக்கிறது. திறந்தால் படம் பாழ்!"

"மச்சான், நீ பாட்டுக்குப் படத்தைக் கழுவிக்கிட்டு இருக்கே. நான் எப்போ என்னைக் கழுவுறது?" என்று அப்பா கேட்டார்.

"இதோ ஆச்சு!" என்று உள்ளிருந்து இரண்டு குரல்கள் ஒன்றாக வந்தன. ஒன்று மாமாவுடையது. மற்றது குண்டூசியுடையது.

குண்டூசிக்குப் பத்து வயது. ஒல்லியாக இருப்பதால் அந்தப் பெயர் வந்தது என்று பக்கத்து வீட்டார் நினைத்தார்கள். மாமா சொன்ன காரணம் வேறு. "ஒரு விஷயம் புரியலேன்னா புரியிற வரைக்கும் குத்திக்கிட்டே இருப்பா. அதான்."

மாமா தபால் நிலையத்தில் வேலை பார்த்தார். விடுமுறை நாட்களில் மட்டும் படக்காரர். அந்த நாட்களில் குளியலறை ஜன்னலைக் கறுப்புத் துணி மூடிவிடும். சாதாரண விளக்கை அணைத்துவிட்டுச் சிவப்பு விளக்கை ஏற்றுவார்கள். வாளி இருந்த இடத்தில் மூன்று தட்டுகள் வந்துவிடும். குறுக்கே போட்ட பலகையின் மேல் என்லார்ஜர் நிற்கும். அதன் தலைக்குள் ஒரு விளக்கு. விளக்குக்குக் கீழே நெகட்டிவ். அதற்கும் கீழே லென்ஸ். விளக்கைப் போட்டால் தபால்தலை அளவு நெகட்டிவ், பலகையில் ஒரு மரச்சட்டத்துக்குள் இருக்கும் தாளில் பெரிய படமாக விழும்.

இன்றைக்கு அதில் இருந்தது குண்டூசி எடுத்த படம்.

மாமா வெளிச்சம் காட்டிய தாளை, படத்தை வரவழைக்கும் டெவலப்பர் மருந்துத் தட்டில் போட்டார். குண்டூசி மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வெள்ளைத் தாளில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு புகை மாதிரி ஏதோ தெரிந்தது. பிறகு செங்கல், ஜன்னல், உச்சியில் கையசைக்கும் ஆட்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன.

"வந்துட்டாங்க! எல்லாரும் வந்துட்டாங்க!" என்று துள்ளினாள் குண்டூசி.

"துள்ளாதே, தட்டு கவுந்துடும்!" என்றார் மாமா.

அது சந்தைத் தெருவின் புது மணிக்கூண்டு. அதைக் கட்டியவர் குண்டூசியின் அம்மா. அம்மா ஒரு மேஸ்திரி. சித்தாளாகச் செங்கல் சுமந்து, பிறகு கொத்தனாராகிச் சாந்து பூசும் கரணை பிடித்து, இப்போதுதான் முதல் தடவையாக ஒரு கட்டடத்தை முழுக்க முழுக்கத் தன் பொறுப்பில் கட்டி முடித்திருந்தார். கடைசிச் செங்கல் வைத்த அன்று அம்மாவும் வேலையாட்களும் உச்சிக்கு ஏறி நின்றார்கள். மாமா கொடுத்த பழைய கேமராவோடு குண்டூசி கீழே நின்றாள்.

தெருவோ குறுகல். எவ்வளவு பின்னால் போனாலும் கூண்டு முழுசாக அடங்கவில்லை. கடைசியில் பழக்கடையில் முதுகை ஒட்டிக்கொண்டு, கேமராவை அண்ணாந்து பிடித்துத்தான் எடுத்தாள்.

"பாத்து! ஆரஞ்சு மேல உக்காந்துடாதே. அப்புறம் ஜூஸ் கடைதான் வைக்கணும்" என்று பழக்காரர் கத்தினார்.

அந்தப் படம்தான் இது. ஆனால் குண்டூசியின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"மாமா, கூண்டு ஏன் இப்படி மல்லாக்கச் சாயுது?"

மணிக்கூண்டின் அடி அகலமாக இருந்தது. மேலே போகப் போக இரண்டு ஓரங்களும் ஒன்றை ஒன்று நெருங்கின. கொஞ்ச நேரத்தில் பின்பக்கமாக விழுந்துவிடப் போவதுபோல் இருந்தது.

"நீ அண்ணாந்து எடுத்தியே, அதனாலதான். கூண்டோட உச்சி கேமராவுக்குத் தூரம். தூரத்துல இருக்கிறது சின்னதாத் தெரியும். தண்டவாளம் போகப் போக ஒட்டிக்கிற மாதிரித் தெரியுமே, அது மாதிரி" என்றார் மாமா.

"சரி பண்ண முடியாதா?"

"எடுத்தது எடுத்ததுதான்" என்று சொல்லிவிட்டு மாமா படத்தை மற்ற இரண்டு தட்டுகளிலும் முக்கி எடுத்துக் கதவைத் திறந்தார். அப்பா ஒரே பாய்ச்சலில் உள்ளே போய்விட்டார்.

அம்மா படத்தை ஈரத்தோடு வாங்கிப் பார்த்தார். "அட, நம்ம ஆளுங்க எல்லாரும் இருக்காங்களே! ரொம்ப நல்லா எடுத்திருக்கே, கண்ணு" என்றார். ஆனால் படத்தை உடனே கீழே வைக்கவில்லை. அதைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துச் சந்தைச் சங்கத் தலைவர் வந்தார். மறுநாள் மணிக்கூண்டுக்குத் திறப்பு விழா. கூண்டின் வாசலுக்குள் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று கேட்டிருந்தவர் அவர்தான்.

படத்தைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார். "ஐயையோ! இதை மாட்டினா ஜனங்க கூண்டுக்குக் கீழேயே வர மாட்டாங்களே! தலையில விழுந்துடும்னு சந்தையையே காலி பண்ணிடுவாங்க!"

"அது கேமரா பண்ணின வேலை. கூண்டு நேராத்தான் இருக்கு" என்றாள் குண்டூசி.

"இருக்கட்டும் பாப்பா. படத்துல சாயுதே! வேற படம் எடுத்துடேன்."

"முடியாதுங்க" என்றார் அம்மா. "அந்த ஆளுங்க எல்லாம் அடுத்த வேலைக்கு வேற ஊர் போயிட்டாங்க. மறுபடியும் ஒண்ணா நிக்க வெக்க முடியாது."

தலைவர் தாடையைத் தடவினார். பிறகு முகம் மலர்ந்தது. "கவலைப்படாதீங்க. நான் மாலை போட்டுக்கிட்டு நிக்கிற படம் ஒண்ணு இருக்கு. அதை மாட்டிடலாம். நல்லாப் பெருசாவும் இருக்கும். நாளைக்குக் காலையில வேற நல்ல படம் கிடைச்சா சொல்லுங்க."

அவர் போன பிறகு அம்மா எழுந்தார். வேலைப் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்தார். நூலின் நுனியில் கனமான இரும்புக் குண்டு தொங்கும். சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க அதைத்தான் மேலிருந்து தொங்கவிடுவார்கள்.

"எங்கம்மா போறே?" என்று கேட்டான் தம்பி. அவனுக்கு ஐந்து வயது.

"சும்மா சந்தை வரைக்கும்."

குண்டூசியும் தம்பியும் கூடவே போனார்கள். அம்மா கூண்டின் உள்படி வழியாக உச்சிக்கு ஏறி, நூலைக் கீழே இறக்கினார். குண்டு ஆடி ஆடி, கடைசியில் அசையாமல் நின்றது.

"இங்க சுவருக்கும் நூலுக்கும் நடுவுல ரெண்டு விரல் நுழையுது. கீழ எப்படி?" என்று மேலிருந்து கேட்டார் அம்மா.

குண்டூசி விரலை விட்டுப் பார்த்தாள். "இங்கேயும் ரெண்டு நுழையுதும்மா! கொஞ்சம் இடமும் இருக்கு. என் விரல் சின்னதுல்ல!"

"அப்போ தம்பி விரலையும் சேத்துக்கோ!"

தம்பி தன் சுண்டுவிரலை ஆசையாக நுழைத்தான். கச்சிதமாக இருந்தது.

கீழே இறங்கி வந்த அம்மா, வெட்கப்பட்டதுபோல் சிரித்தார். "கட்டும்போது தினமும் பாத்ததுதான். நேரா இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆனா அந்தப் படத்தைப் பாத்ததும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒரு தடவை பாத்துட்டா நிம்மதி."

குண்டூசிக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதே நினைப்பு. கூண்டு நேராக இருக்கிறது. அம்மா எந்தத் தப்பும் செய்யவில்லை. தன் படம்தான் அம்மாவைச் சந்தேகப்பட வைத்துவிட்டது!

வீட்டில் மாமா தட்டுகளைக் கழுவி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, மாமா! எடுத்து வெக்காதீங்க. இன்னொரு தடவை அந்தப் படத்தைப் போடுங்க."

"இன்னொரு தடவை போட்டாலும் அதே கூண்டுதான் வரும்."

"பார்க்கத்தான் மாமா. ப்ளீஸ்!"

குண்டூசி குத்த ஆரம்பித்தால் விட மாட்டாள் என்று மாமாவுக்குத் தெரியும். மறுபடியும் கறுப்புத் துணி ஏறியது. சிவப்பு விளக்கு எரிந்தது. பலகையின் மேல் கூண்டு விழுந்தது, அதே பழைய சாய்வோடு.

குண்டூசி ஒரு வெள்ளை அட்டையை எடுத்து அந்த வெளிச்சத்தில் நீட்டினாள். அட்டையை லென்ஸுக்குப் பக்கத்தில் தூக்கினால் கூண்டு சின்னதானது. கீழே இறக்கினால் பெரிதானது. தூக்கினாள், இறக்கினாள். தூக்கினாள், இறக்கினாள்.

திடீரென்று அவள் கை நின்றது.

"மாமா! கிட்டப் போனா சின்னதாகுது. தள்ளிப் போனா பெருசாகுது. அப்படித்தானே?"

"ஆமா."

"அப்போ கூண்டோட அடிப்பக்கத்தை மட்டும் கிட்டக் கொண்டுபோனா? அகலமா இருக்கிற அடி சின்னதாகும். உச்சி தள்ளியே இருக்கும். அது பெருசாகும்!"

சொல்லிக்கொண்டே அட்டையை ஒரு பக்கம் மட்டும் தூக்கினாள். கூண்டின் அடி ஒடுங்கியது. உச்சி விரிந்தது. ஒன்றை ஒன்று நெருங்கிய இரண்டு ஓரங்களும் மெல்ல விலகி, ஒரே இடைவெளியில் நேராக நின்றன.

மாமா வாயைத் திறந்தார். ஆனால் உடனே தலையை ஆட்டினார். "அதெல்லாம் சரிப்படாது. தாள் அந்த மரச்சட்டத்துக்குள்ள தட்டையாத்தான் இருக்கணும். அதான் சட்டம்."

"யார் போட்ட சட்டம்?"

மாமா யோசித்தார். எவ்வளவு யோசித்தும் ஒருவர் பெயரும் நினைவுக்கு வரவில்லை. "சரி, முட்டுக்கு ஏதாவது எடு" என்றார்.

தாள் வைக்கும் சட்டத்தின் ஒரு பக்கத்தைத் தூக்கி, அடியில் சோப்பு டப்பாவை வைத்தார்கள். போதவில்லை. அதன் மேல் தம்பியின் மரக்கட்டை ஒன்றை வைத்தார்கள். அதிகமாகிவிட்டது! இப்போது கூண்டின் உச்சி விரிந்து, அடி ஒடுங்கி, வாளி மாதிரி நின்றது. கட்டையை எடுத்துவிட்டு மெலிந்த அட்டைகளாக அடுக்கினார்கள். குண்டூசி அடிக்கோலால் உச்சியை அளந்தாள். அடியை அளந்தாள். இரண்டும் ஒன்றாகும் வரை அட்டைகளைக் கூட்டினாள், குறைத்தாள்.

வெளியே அப்பாவின் குரல் கேட்டது. "முகம் கழுவணும். வெளியில இருந்த சோப்பு டப்பா எங்கப்பா போச்சு?"

"மணிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்திருக்கோம்பா!" என்றாள் குண்டூசி.

"நல்ல குடும்பம்!" என்று சொல்லிவிட்டு அப்பா போய்விட்டார்.

அடுத்த சிக்கல் உடனே வந்தது. படத்தில் கூண்டின் நடுப்பகுதி தெளிவாக இருந்தது. அடியும் உச்சியும் மங்கலாகிவிட்டன.

"தாள் சரிஞ்சிருக்குல்ல, அதான். இதுக்கு எனக்கு வழி தெரியும்" என்றார் மாமா. லென்ஸின் துளையைத் திருகி மிகவும் சின்னதாக்கினார். வெளிச்சம் குறைந்தது. ஆனால் அடி முதல் உச்சி வரை கூண்டு கூர்மையாகத் தெரிந்தது. "துளை சின்னதாச்சு, அதனால ரொம்ப நேரம் வெளிச்சம் காட்டணும். யாராவது எண்ணிக்கிட்டே இருக்கணுமே?"

"நான் எண்ணுறேன்!" என்று கதவுக்கு வெளியிலிருந்து கத்தினான் தம்பி.

தம்பி எண்ணத் தொடங்கினான். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, எட்டு, ஒம்போது..."

"ஏழு எங்கடா?" என்று கேட்டாள் குண்டூசி.

"அது எனக்குப் பிடிக்காது!"

பதினேழும் இருபத்தேழும்கூட அவனுக்குப் பிடிக்கவில்லை.

தாளை டெவலப்பரில் போட்டார்கள். கூண்டு வந்தது. நேராக வந்தது! ஆனால் அடிப்பகுதி அடுப்புக்கரி மாதிரி கறுத்துக் கிடந்தது. உச்சியில் இருந்தவர்கள் வெளுத்துப் போயிருந்தார்கள்.

"தம்பி சரியா எண்ணலையோ?" என்றார் மாமா.

குண்டூசி உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "இல்ல மாமா. அடி விளக்குக்குக் கிட்ட இருக்கு. கிட்ட இருந்தா அதிக வெளிச்சம் படும், அதிகமாக் கறுக்கும். அடிக்குக் கொஞ்ச நேரம் குடை பிடிச்சா?"

அடுத்த தாளில், எண்ணிக்கையின் பாதியில் அவள் அடிப்பகுதிக்கு மேல் அட்டையை நீட்டி மறைத்தாள். இப்போது கறுப்பு போய்விட்டது. ஆனால் அட்டையின் ஓரம் விழுந்த இடத்தில், கூண்டின் இடுப்பில் ஒரு கோடு விழுந்திருந்தது.

"கூண்டுக்கு பெல்ட் போட்டு விட்டுட்டியே!" என்று சிரித்தார் மாமா. "அட்டையை ஒரே இடத்துல வெக்காதே. மேலும் கீழும் மெதுவா ஆட்டிக்கிட்டே இரு. கோடு விழாது." பிறகு தாள் உறையைத் தடவிப் பார்த்தார். அவர் சிரிப்பு நின்றது. "குண்டூசி, இதுதான் கடைசித் தாள்."

குண்டூசியின் உள்ளங்கை வியர்த்தது. பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"தம்பி, இந்தத் தடவை ஏழையும் சேத்து எண்ணுறியா? அம்மாவுக்காக?"

"அம்மாவுக்காகன்னா சரி" என்று பதில் வந்தது.

விளக்கு எரிந்தது. தம்பி எண்ணினான். ஏழு வந்தபோது கொஞ்சம் தயங்கிப் பிறகு மற்ற எல்லாவற்றையும்விடச் சத்தமாக "ஏழு!" என்றான். பாதி தாண்டியதும் குண்டூசி அட்டையை நீட்டி, தூங்குகிற குழந்தைக்கு விசிறுவதுபோல் மெதுவாக அசைத்தாள்.

தாள் டெவலப்பருக்குள் போனது.

புகை மாதிரி வந்தது. செங்கல் வந்தது. ஜன்னல் வந்தது. அடியும் உச்சியும் ஒரே மாதிரி வந்தன. பெல்ட் இல்லை. படத்தின் நடுவில் மணிக்கூண்டு ஜம்மென்று நின்றது. மேல் மூலையில் பக்கத்து மாடியில் காய்ந்துகொண்டிருந்த யாரோ ஒருவருடைய பனியன் மட்டும் படத்துக்கு வெளியே போயிருந்தது. அதற்காக யாரும் வருத்தப்படவில்லை.

"ஆனா மாமா, இது ஏமாத்து வேலை இல்லையே?" என்று கேட்டாள் குண்டூசி.

"உண்மையில கூண்டு எப்படி இருக்கு?"

"நேரா."

"படத்துல?"

"நேரா."

"அப்புறம் என்ன? போய் அம்மாகிட்டக் காட்டு. நான் அதுக்குள்ள உங்கப்பாவுக்குச் சோப்பைக் கொடுத்துடறேன். பாவம், மனுஷன்!"

கழுவிய படத்தைத் தண்ணீர் சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு குண்டூசி ஓடினாள்.

அம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டார். சுவர் ஓரத்தின் மேல் நகத்தை வைத்து, அடியிலிருந்து உச்சி வரை தொட்டும் தொடாமலும் இழுத்தார். பிறகு மற்ற ஓரத்திலும் இழுத்தார்.

"நேரா இருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் குண்டூசியை இழுத்து, ஈரப்படத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"அம்மா, படம் கசங்கும்!"

"கசங்காது, கசங்காது" என்று சொன்ன அம்மா, மறுபடியும் உற்றுப் பார்த்தார். "ஏய், இங்க பாரு! முகமெல்லாம் தெரியுதே! முதல் படத்துல எறும்பு மாதிரி இருந்தாங்க. நம்ம கொத்தனார் நெட்டையன் எப்படிச் சிரிக்கிறான் பாரு. அவன் சிரிச்சு நான் பாத்ததே இல்ல."

உச்சி விரிந்தபோது அங்கே நின்றவர்களும் பெரிதாகியிருந்தார்கள். அது குண்டூசி எதிர்பார்க்காத லாபம்.

மறுநாள் காலை சங்கத் தலைவர் தன் பெரிய படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். குண்டூசி நீட்டிய படத்தை வாங்கிப் பார்த்தார். எதிரே நின்ற மணிக்கூண்டைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"வேற படம் எடுக்கவே முடியாதுன்னாங்களே?"

"வேற படம் இல்லைங்க. அதே படம்தான். நிமிர்த்தி விட்டோம்" என்றாள் குண்டூசி.

தலைவர் கொண்டுவந்த படத்தைச் சுற்றியிருந்த துணியை அவிழ்க்கவே இல்லை. பெருமூச்சு விட்டார். "சரி, இதை எங்க வீட்டுக் கூடத்துலயே மாட்டிடறேன். அங்கேயும் ஒரு ஆணி காலியாத்தான் இருக்கு."

மாலையில் மணி முதல் தடவையாக அடித்தது. சந்தைக்கு வந்தவர்கள் எல்லோரும் கூண்டின் வாசலுக்குள் எட்டிப் பார்த்தார்கள். "பாருங்க, பாருங்க. என் கடையில சாஞ்சு நின்னு எடுத்த படமாக்கும்!" என்று பழக்காரர் ஒவ்வொருவரிடமும் சொன்னார். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

கூட்டம் குறைந்த பிறகு அம்மா மட்டும் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். குண்டூசி போய் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏண்டி, இதுல நான் கொஞ்சம் உயரமாத் தெரியுறேனே?"

குண்டூசி பார்த்தாள். உண்மைதான். உச்சியை விரித்தபோது ஆட்கள் கொஞ்சம் மேல்பக்கமாகவும் நீண்டிருந்தார்கள். நெட்டையனுக்குப் பக்கத்தில் எப்போதும் குட்டையாகத் தெரியும் அம்மா, இதில் ஓங்கி நின்றார்.

"அது தாளைச் சாய்ச்சதால வந்ததும்மா. நான் கவனிக்கல. வேணும்னா மாமாகிட்டத் தாள் வாங்கிட்டு வரச் சொல்லி, அதையும் சரி பண்ணிடட்டுமா?"

"அதுல கை வெச்சே, தெரியும் சேதி!" என்றார் அம்மா, இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றபடி.